சமையல் மேடைக்குக் கீழே மின் இணைப்பு

கிராமத்து வீடுகள் பலவற்றில் மின்சாரம் முதலில் கூடத்து விளக்காக வந்தது. கிணற்றடியில் பம்பு செட்டை ஓட்டியது. அடுக்களைக்குள் அது நுழைந்தது நெடுநாள் கழித்தேயாம். 1957-ஆம் ஆண்டில் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்த காலத்தில், அடுப்புக்கு மேலே ஒரு விளக்கு எரிவதே பெரிய வசதியாக இருந்தது. இன்றோ மிக்சி, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, இன்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி என்று வீட்டிலேயே அதிகமான மின் கருவிகள் கூடும் இடம் சமையலறையாகிவிட்டது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தின் பயனாக, அதுவரை இவற்றை வாங்க வகையில்லாதிருந்த குடும்பங்களிலும் இக்கருவிகள் இடம் பெற்றன.

கருவிகள் வந்த வேகத்தில் அவற்றுக்குரிய மின் இணைப்புகள் வரவில்லை. விளக்குக்கும் விசிறிக்கும் என்று இழுத்த மெல்லிய கம்பியிலிருந்து ஒரு சாக்கெட். அதிலிருந்து ஒரு ஜங்ஷன் பெட்டி. அதில் நான்கு பிளக்குகள். அந்தப் பெட்டியும் ஈரம் காயாத மேடையின்மீது. இக்காட்சியைக் காணாத ஊர் அரிது. சமையல் மேடை கட்டும்போதே கருவி ஒவ்வொன்றுக்கும் சாக்கெட்டை மேடைக்குக் கீழே மறைவாகவும், அதற்குரிய ஸ்விட்சை மேடைக்கு மேலே கைக்கு எட்டும்படியாகவும் அமைத்துக்கொள்ளும் முறை இப்பொழுது நகரங்களிலிருந்து கிராமங்களுக்கும் பரவி வருகிறது. முறை நல்லதுதான். ஆயின் நம் வீட்டு மேடைக்குக் கீழே என்னென்ன இருக்கின்றன என்பதை எண்ணிப் பாராமல் அதை அப்படியே கைக்கொண்டால், ஓர் அபாயத்தை நீக்கி அதனினும் பெரிய அபாயத்தை அழைத்தவர்களாவோம்.

கீழே சாக்கெட், மேலே ஸ்விட்ச்

மேடையின்மீது மின் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதில் மூன்று தீமைகள் உண்டு. கம்பி அடுப்பின் சூட்டில் உருகும், நீரில் நனையும், குழந்தையின் கையில் சிக்கிக் கருவியையே கீழே இழுக்கும். மேடையடியில் நிற்கும் பெரிய கிரைண்டர், மேடையை ஒட்டி நிற்கும் குளிர்பதனப் பெட்டி போன்றவை இடம் பெயராதவை. அவற்றின் கம்பி மேடைக்கு மேலே வர வேண்டிய அவசியமே இல்லை. மிக்சியும் இன்டக்‌ஷன் அடுப்பும் அப்படியல்ல. அவை மேடைமீதே வேலை செய்பவை. அவற்றுக்குச் சாக்கெட்டும் மேலேயே, மேடைப் பரப்பிலிருந்து 9 முதல் 12 அங்குல உயரத்தில் சுவரில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கீழே கொண்டுபோய் மறைத்து, கல்லின் விளிம்பைச் சுற்றிக் கம்பியை மேலே இழுத்து வருவது அழகுக்காகச் செய்யும் அறியாமையேயாகும்.

கீழே வைக்கும் சாக்கெட்டுக்கு ஸ்விட்சை மட்டும் ஏன் மேலே வைக்க வேண்டும்? மாவரைக்கும்போது கிரைண்டரில் கல் சிக்கிக்கொண்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, குனிந்து இருட்டில் துழாவி ஸ்விட்சைத் தேட நேரமிராது. நின்ற நிலையில், ஒரே எட்டில், மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். அந்த ஸ்விட்சும் அடுப்புக்கு நேர் மேலே இருத்தலாகாது. தீப்பிடித்த சட்டியைத் தாண்டிக் கையை நீட்டும்படி ஆகும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அதற்கும் இடையே குறைந்தது இரண்டடி இருத்தல் நலம். ஸ்விட்சுகள் வரிசையாக இருக்குமாயின், எது எந்தக் கருவிக்கு என்பதை ஒவ்வொன்றின் கீழும் எழுதி வைப்பது உசிதம். வீட்டிற்கு வந்த விருந்தினர் விளக்கென்று எண்ணிக் குளிர்பதனப் பெட்டியை அணைத்துவிட்டுப் போவதும் நடப்பதுண்டு.

இனிக் கீழ்ச் சாக்கெட்டின் இடம். நம் வீடுகளில் சமையலறைத் தரையை நீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் உண்டு. ஆதலால் தரையிலிருந்து ஓரடிக்குக் குறைவான உயரத்தில் எந்தச் சாக்கெட்டையும் வைக்கலாகாது. மேடையின் உயரம் ஏறத்தாழ 33 அங்குலம் என்றால், சாக்கெட்டைத் தரையிலிருந்து 18 அங்குலத்தில் அமைப்பது ஏற்றது. மேலிருந்து வழியும் நீரும் கீழிருந்து தெறிக்கும் நீரும் அதனை எளிதில் எட்டா. கழுவும் தொட்டியின் அடியிலும், அதன் கழிவுநீர்க் குழாய்க்கு அருகிலும் வேண்டவே வேண்டாம். குழாயின் இணைப்பு ஒரு நாள் கசியாமல் இராது. கருவிக்கு நேர் பின்னே சாக்கெட்டை வைத்தால், பிளக்கைப் பிடுங்க வேண்டிய வேளையில் கருவியையே நகர்த்த வேண்டியிருக்கும். எனவே கருவிக்குப் பக்கவாட்டில், கை நுழையும் இடத்தில் வைக்க வேண்டும்.

மேடையடி என்பது எலிக்கும் கரப்பானுக்கும் பல்லிக்கும் உகந்த இடம் என்பதையும் மறத்தலாகாது. நெல் மூட்டையை ஓட்டை போடும் எலிக்குக் கம்பியின் மேலுறை ஒரு பொருட்டன்று. சாக்கெட்டிலிருந்து கருவி வரையுள்ள நெகிழ் கம்பி இயன்ற அளவு குறுகியதாக இருக்கட்டும். சுவருக்குள் செல்லும் கம்பிகள் யாவும் பி.வி.சி. குழாய்க்குள் செல்ல வேண்டும். குழாய்க்குள் எவ்விடத்தும் ஒட்டு இருக்கலாகாது. சாக்கெட்டின் துளைகளில் உள்தடுப்பு உடையவை கடைகளில் கிடைக்கின்றன. குழந்தைகள் ஊக்கையோ ஆணியையோ நுழைக்க முடியாதபடி அது காக்கும். மேடையடிக்கு இத்தகையவற்றையே வாங்க வேண்டும்.

சிலிண்டர் இருக்கும் இடம்

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுவே. 2016 மே மாதம் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின்னர் விறகடுப்பு மட்டுமே இருந்த பல வீடுகளுக்கும் எரிவாயு வந்து சேர்ந்தது. சிலிண்டரை எங்கே வைக்கிறோம்? பெரும்பாலும் மேடைக்கு அடியில். இப்பொழுது அதே இடத்தில் சாக்கெட்டும் வைக்கப் போகிறோம்.

சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் அது புகையைப்போல் மேலே எழும்பிச் சன்னல் வழியாகப் போய்விடாது. தண்ணீரைப்போல் தாழ்ந்த இடத்தை நாடித் தரையோரமாகப் பரவி, மேடையடிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைகிறது. ஸ்விட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும், ஓடும் கருவியின் பிளக்கைப் பிடுங்கும்போதும் ஒரு பொறி தெறிக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிடினும் அப்பொறி போதும். குளிர்பதனப் பெட்டியோ, யாரும் தொடாமலே இரவெல்லாம் தானாக ஓடுவதும் நிற்பதுமாக இருப்பது; ஒவ்வொரு முறையும் அதனுள் ஒரு ஸ்விட்ச் இயங்குகிறது.

ஆகவே, மேடையடியில் சிலிண்டர் வைக்கும் அறையில் சாக்கெட்டோ ஸ்விட்சோ கம்பி இணைப்புப் பெட்டியோ எதுவும் இருத்தலாகாது. சிலிண்டர் ஒரு கோடியிலும் மின் இணைப்புகள் மறு கோடியிலும் இருக்குமாறு மேடையைத் திட்டமிட வேண்டும். இரண்டுக்கும் இடையே மேடையைத் தாங்கும் குறுக்குச் சுவர் தரையிலிருந்து கல் வரை ஓட்டையின்றி எழும்பியிருக்க வேண்டும். சிலிண்டர் அறையின் கதவில் அடிப்பக்கமும் மேற்பக்கமும் காற்றுத் துளைகள் வேண்டும். இடம் இருக்கும் வீட்டில் வேறொரு வழியும் உண்டு. சிலிண்டரை வீட்டிற்கு வெளியே, சாக்கடைத் திறப்புகளிலிருந்து விலகிய, பூட்டக்கூடிய காற்றோட்டமான சிறு கூண்டில் வைத்து, முறையான குழாய் வழியே எரிவாயுவை உள்ளே கொண்டு வரலாம். இதனை எரிவாயு நிறுவனத்தின் முகவர் மூலமே செய்விக்க வேண்டும்.

எரிவாயு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைப்பது பாதுகாப்பு என்று எண்ணிக் கையை நீட்டுவோர் பலர். போடும்போது தெறிக்கும் பொறி அணைக்கும்போதும் தெறிக்கும். ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு சன்னல்களைத் திறந்து வெளியேற வேண்டும். மெயின் ஸ்விட்ச் வீட்டின் வெளிப்புறத்தில், வாயு எட்டாத இடத்தில் இருக்குமானால் மட்டும் அதனை அணைக்கலாம்.

கம்பியின் பருமன்

வாய்க்காலின் அகலத்துக்கு மேற்பட்ட நீரை விட்டால் கரை உடைகிறது. கம்பியின் பருமனுக்கு மேற்பட்ட மின்சாரம் ஓடினால் அது சூடேறி, உறை உருகி, தீயில் முடிகிறது. எந்தக் கருவி எவ்வளவு மின்சாரத்தை இழுக்கும் என்பதைக் கணக்கிடுவது எளிது. கருவியின்மீது பொறித்துள்ள வாட் எண்ணை, நம் மின் அழுத்தமாகிய 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியர்; 1,500 வாட் மின்கெட்டில் 6.5; 750 வாட் மிக்சி 3.3. கோயம்புத்தூர் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே பெற்ற நம் மேசைக் கிரைண்டர்களில் பல 150 வாட் அளவினவே; ஓர் ஆம்பியருக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு இட்லி மாவு முழுவதையும் அரைத்துக் கொடுத்துவிடுகின்றன.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கிரைண்டருக்கும் மிக்சிக்கும் 6 ஆம்பியர்ச் சிறிய சாக்கெட் போதும். இன்டக்‌ஷன் அடுப்புக்கும் மின்கெட்டிலுக்கும் 16 ஆம்பியர் ‘பவர்’ சாக்கெட்டே தேவை. பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் பொருத்தித் தரும் மாற்றுச் செருகிகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை வீட்டில் இருக்க வேண்டிய பொருளன்று.

மெயின் போர்டிலிருந்து சமையலறைக்கென்றே இரண்டு தனிச் சுற்றுகள் வர வேண்டும். பவர் சாக்கெட்டுகளுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும், சிறிய சாக்கெட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் ஏற்றவை. ஒரு பவர் சுற்றில் இரண்டு சாக்கெட்டுகளுக்கு மேல் வைக்காமலும், 3,000 வாட்டுக்கு மேல் சுமை ஏற்றாமலும் இருப்பது நம் நாட்டில் வழங்கி வரும் முறை. பவர் சுற்றுக்கு 2.5 கம்பியே போதும் என்று வாதிடும் வயர்மேன்கள் உண்டு. சுவருக்குள் ஒரு முறை புதைக்கும் கம்பியில் சிக்கனம் பார்ப்பது வீண்; அதனை மாற்ற வேண்டுமானால் பூச்சை உடைக்க வேண்டும். கம்பியிலும் சாக்கெட்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

மின் அழுத்தம் குறையும் வேளைகளில் கிரைண்டர் மோட்டார் திணறுவதை இல்லத்தரசிகள் அறிவர். கிணற்று மோட்டார் அழுத்தம் குறைந்தால் சூடேறி எரிவதைப் போன்றதே இதுவும். அத்தகைய வேளையில் மாவரைப்பதை ஒத்திப் போடுவதே மோட்டாருக்கு நல்லது.

பேஸில் ஸ்விட்ச்

சாக்கெட்டுக்கு மூன்று கம்பிகள் வருகின்றன. மின்சாரத்தைக் கொண்டு வருவது பேஸ். திருப்பிக் கொண்டு செல்வது நியூட்ரல். தவறு நேரும்போது மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவது எர்த். நம் வழக்கில் பேஸுக்குச் சிவப்பும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சையும் கையாளப்படுகின்றன. சாக்கெட்டை நேர் எதிரே நின்று பார்க்கையில் மேலேயுள்ள பெரிய துளை எர்த். வலப்பக்கத் துளை பேஸ். இடப்பக்கத் துளை நியூட்ரல்.

ஸ்விட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தாலும் கருவி நிற்கும். வீட்டார் எல்லாம் சரியென்றே எண்ணிக்கொள்வர். ஆனால் அது தலைமடையைத் திறந்து விட்டுவிட்டுக் கடைமடையை அடைப்பதற்கு ஒப்பானது. வாய்க்காலில் ஓட்டமில்லை; நீர் மட்டும் கரை தளும்ப நிற்கிறது. அணைத்துவிட்டோம் என்று நம்பி ஈரத் துணியால் கிரைண்டரைத் துடைக்கிறவர் அந்த நீர்த்தேக்கத்தில்தான் கை வைக்கிறார். மேல் ஸ்விட்சும் கீழ்ச் சாக்கெட்டும் ஒன்றுக்கொன்று பார்வையில் படாமல் இருக்கும் அமைப்பில் இத்தவறு எளிதில் நேரும். எளிதில் வெளிப்படவும் செய்யாது.

பேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே துண்டிக்கும் இரட்டைத் துருவ ஸ்விட்சுகள் 20 ஆம்பியர் அளவில், எரியும்போது சிவப்பு விளக்குக் காட்டும்படியாகக் கிடைக்கின்றன. மேடையடிச் சாக்கெட்டுகளுக்கு இவையே மேல் என்பது எம் கருத்து. காற்றிலும் மழையிலும் சர்வீஸ் கம்பி அறுந்து, அவசரத்தில் மீண்டும் இணைக்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டாலும், இந்த ஸ்விட்ச் இரண்டையும் துண்டித்துவிடும். விலை சற்றுக் கூடுதல். மேடைக்குப் போடும் கிரானைட் கல்லின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவேயன்று.

ஸ்விட்சிலிருந்து சாக்கெட்டுக்கு இறங்கும் குழாய் நேர் செங்குத்தாக இறங்க வேண்டும்; சுவரில் குறுக்காகச் செல்லலாகாது. பின்னொரு நாள் பாத்திர அலமாரி மாட்ட ஆணி அடிப்பவர், ஸ்விட்சுக்கு நேர் மேலும் கீழும் கம்பி இருக்கும் என்று ஊகித்து விலகி அடிப்பார். குறுக்கே செல்லும் கம்பியை அவர் எவ்வாறு அறிவார்?

முப்பது மில்லி ஆம்பியர்

எம்.சி.பி. காப்பது கம்பியைத்தான், மனிதரை அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டிய பின்னரே துண்டிக்கும் எண்ணம் கொள்ளும். மனித உடலின் வழியே சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே மூச்சும் நெஞ்சும் நின்றுபோகக் கூடும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று, ஈரக் கையால் உலோக உடல் கொண்ட கருவியைத் தொடும் ஒருவருக்கு எம்.சி.பி.யால் யாதொரு பயனும் இல்லை.

அதற்குரியது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுக் காப்புக் கருவி. பேஸில் சென்ற மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், எவர் உடல் வழியாகவோ எந்தச் சுவர் வழியாகவோ அது மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுடையதையே பொருத்த வேண்டும். 100, 300 என்று எழுதியவை தீயைத் தடுக்க உதவுமேயன்றி உயிரைக் காக்கா. அதன்மீதுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியதும் விழாவிட்டால் கருவி பழுதாகிவிட்டது என்று பொருள். ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் ஒருங்கே தொட்டுவிட்டால் இக்கருவியும் காப்பாற்றாது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதனைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியிருப்பது வருந்தத்தக்கது. அது விழுவதற்குக் காரணம் உண்டு. பழைய கருவி ஒன்றில் கசிவு இருக்கலாம். எலி கடித்த கம்பி ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியிலிருந்து யாரேனும் ஒரு விளக்கை எரிய விட்டிருக்கலாம். சுற்றுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

எர்த் குழி எல்லா வீட்டிற்கும் வேண்டும். குறைந்தது 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, ஈரம் தங்கும் மண்ணில் இறக்குவது முறை. கரியும் உப்பும் இட்டு அடைக்கும் பழக்கம் இன்றும் உள்ளது. கோடையில் செம்மண்ணும் சரளையும் வறண்டுவிடும் வட்டாரங்களில் குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும். குடிநீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றிவிடுவது பக்கத்து வீட்டுக்காரரைக் கொல்லத் துணிவதாகும். மேலும் இந்நாளில் குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். மின்சாரம் அவற்றின் வழியே மண்ணை அடையாது.

பஞ்சாயத்துக்குரிய பணி

இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலமே, தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் தாமே கம்பியைக் கையாள வேண்டுவதில்லை. ஆனால் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. அங்கன்வாடி, சத்துணவுக் கூடம், 2023 ஆகஸ்டில் ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்துக்கான சமையலறை ஆகியன ஊர்க் குழந்தைகள் நடமாடும் இடங்கள். அங்கேயும் மிக்சி ஓடுகிறது, சிலிண்டர் இருக்கிறது, தரை ஈரமாகவே இருக்கிறது. கட்டட மதிப்பீடு பஞ்சாயத்தின் பார்வைக்கு வரும்போது, மின்னமைப்பு என்ற ஒற்றை வரியைக் கண்டு ஒப்புதல் அளித்துவிடாமல், சமையலறைக்குத் தனிச் சுற்று உள்ளதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சேர்க்கப்பட்டுள்ளதா, எர்த் குழி உண்டா, சிலிண்டருக்குத் தனி இடம் வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளதா என்று கேட்க வேண்டும். அரசு உதவியில் கட்டப்படும் வீடுகளுக்கும் இது பொருந்தும். கேட்க வேண்டிய நேரம் சுவரில் குழாய் பதித்த பிறகு, பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பாகும். பூசிவிட்ட சுவர் எதையும் சொல்லாது. அப்பொழுதே கைபேசியில் சுவர்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்; எங்கே கம்பி செல்கிறது என்பதற்கு இருபது ஆண்டுக்குப் பின்னும் அதுவே சான்று.

வேலை முடிந்ததும் வயர்மேனைப் பணம் கொடுத்து அனுப்புமுன் அவரைக் கொண்டே சில சோதனைகளைச் செய்விக்க வேண்டும். மேல் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கீழ்ச் சாக்கெட்டின் வலத்துளையில் டெஸ்டரை வைக்கச் சொன்னால் விளக்கு எரியலாகாது. போட்டால் வலத்துளையில் மட்டும் எரிய வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்ல வேண்டும். எர்த்தின் தடையைக் கருவி கொண்டு அளந்து எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். பின்னர் எந்த எம்.சி.பி. எந்தச் சுற்றுக்கு, கம்பியின் பருமன் என்ன, எர்த் குழி எந்த மூலையில், அளந்த நாள் எது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி, மெயின் போர்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடலாம்.